போறணைச் சூடு

சாக்குத் துண்டை வாளியில் தோய்த்துப் பிழிந்து, நீளக் கம்பு ஒன்றின் நுனியில் சுற்றிக் கட்டியிருந்தேன். எரிந்துகொண்டிருந்த விறகை இடப்பக்கச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு, அந்தச் சாக்கால் தரைக் கல்லை உள்ளிருந்து வாசல்வரை ஓர் இழுவை இழுத்தேன். சுர்ரென்றது. வெள்ளை ஆவி வாசலால் வந்து முகத்தில் அடித்தது. சாம்பலும் ஈரச் சணலும் சுட்ட கல்லும் சேர்ந்த ஒரு மணம். பின்னால் பேரப்பிள்ளைகள் இரண்டும் பீட்சா எப்போது வரும் என்று கத்திக்கொண்டிருந்தன. ஸ்காபரோவில், பின்வளவில், அறுபது தாண்டிய மனுஷன் கம்பும் கையுமாக அசையாமல் நிற்பதைக் கண்டு மனைவி கதவைத் திறந்தாள்.

“என்ன, கண்ணுக்குள்ள புகை போட்டுதோ?”

ஓம் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் அந்த நேரம் எனக்குப் பன்னிரண்டு வயது. களிசான் பைக்குள் சில்லறையோடு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பேக்கரியின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பேக்கரி சந்தியில் இருந்து கோயிலுக்குத் திரும்பும் ஒழுங்கையில் இருந்தது. முன்பக்கம் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பணிஸ், விசுக்கோத்து, மேலே சீனி தூவிய ஏதோ ஒன்று. பெரியவர்கள் முன்பக்கத்தால் போவார்கள். பொடியள் நாங்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் நேரே பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குப் போவோம். போறணை அங்கேதான் இருந்தது. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கரி படிந்த ஒரு சுவர், அதில் இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கதவு, அவ்வளவுதான். கதவைத் திறந்தால்தான் உள்ளே ஓர் அறையே இருப்பது தெரியும். நாலு பேர் பாய் விரித்துப் படுக்கக்கூடிய அகலம். எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும் உயரம்.

போறணையைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் புருவம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நெஞ்சு மயிரும் ஒரு பக்கம் பொசுங்கியே இருக்கும். இரவு பத்து மணிக்கு அந்த அறைக்குள் விறகை அடுக்கி நெருப்பு வைப்பார். அது இரண்டு மூன்று மணித்தியாலம் நின்று எரியும். முதலில் உட்கூரை முழுக்கப் புகை பிடித்துக் கறுத்துவிடும். பிறகு சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து, கல் தன் நிறத்துக்கு வெளுத்து வரும். “கூரை வெளுத்திட்டுது” என்று அப்பு சொன்னால் மாப்பிசைகிறவர்கள் கைகழுவிக்கொண்டு எழும்புவார்கள். இன்றைக்குக் கனடாவில் ஒரு கருவியைத் துவக்குப் போல் நீட்டி, சிவப்புப் புள்ளி ஒன்றைக் கல்லில் விழுத்தி எத்தனை பாகை என்று பார்க்கிறோம். அந்தக் கருவி சொல்வதையும் அப்புவின் கூரை சொல்லிவிடும்.

பிறகு தணலையெல்லாம் நீளத் தகட்டால் வெளியே இழுத்துவிடுவார். அந்தக் கரி அயன் பெட்டிகளுக்குப் போகும். ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார். அந்தச் சுர்ர் சத்தமும் அந்த மணமும் வரும். அதற்குப் பிறகு அவர் செய்வதைப் பார்க்கத்தான் நாங்கள் நிற்பது. ஒரு சிட்டிகை மாவை எடுத்துத் தரையில் வீசிவிட்டு, வாய்க்குள் ஏதோ எண்ணுவார். மா சடக்கென்று கறுத்தால் தலையை ஆட்டிவிட்டு, கதவைத் திறந்துபோட்டு ஒரு சுருட்டுப் பற்றவைப்பார். மெதுவாகப் பொன்னிறமானால், “ம், போடுங்கோ” என்பார். நீளப் பலகையில் வைத்து, பச்சைப் பாண் ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்காரும். கடைசிப் பாண் போனதும் கதவு அடைபடும். உள்ளே ஒரு பொறி நெருப்புக் கிடையாது. கல்லுக்குள் ஊறியிருக்கும் சூட்டில்தான் அத்தனை பாணும் வேகவேண்டும்.

நெருப்பை வெளியே எடுத்துவிட்டால் எப்படி வேகும் என்று ஒருநாள் கேட்டேன். “நெருப்பு எங்கயடா போச்சு? சுவருக்குள்ள படுத்திருக்கு” என்றார்.

1970களின் நடுப்பகுதியில் மாத் தட்டுப்பாடு வந்து, பாணுக்கு வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. கோதுமை மாவை எங்கள் ஊர்க் கிழவிகள் அப்போதும் ‘அமெரிக்கன் மா’ என்றுதான் சொல்வார்கள். விடிய நாலு மணிக்கே அம்மா எழுப்பிவிடுவா. பனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றால் ஆளுக்கு ஒரு றாத்தல் கிடைக்கும், சிலவேளை அதுவும் இல்லை. அரசாங்கத்தை எல்லாரும் திட்டினார்கள். எனக்கு அந்த வரிசை பிடித்திருந்தது என்று இப்போது சொன்னால் என்னைத்தான் திட்டுவார்கள். வரிசையின் வால் போறணைச் சுவரோடு வளைந்து போகும். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றபடியே நித்திரை கொள்ளலாம். அச்சுப் பாண் வாங்கினால் நேரே வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். றோஸ் பாண் என்றால் வழியில் மொரமொரப்பான ஓரத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “அப்பிடித்தான் தந்தவை” என்று சொல்லலாம். அம்மா ஒருநாளும் நம்பியதில்லை.

பாண் இறங்கிய பிறகும் போறணைக்கு வேலை முடியாது. முதல் சூடு பாணுக்கு, அடுத்த சூடு பணிசுக்கு. அதற்கும் பிறகு, காலை பத்து மணிபோல், மிச்சச் சூடு ஊருக்கு. எங்கள் ஊரில் அப்போது எந்த வீட்டிலும் கேக் சுடும் அடுப்பு இல்லை. மார்கழி கடைசிக் கிழமையில் வேதக்கார வீடுகளில் நத்தாருக்கும், எங்களைப் போன்ற சைவக்கார வீடுகளில் ஆங்கில வருடப் பிறப்புக்கும் கேக் அடிப்பார்கள். அடிப்பது என்றால் உண்மையாகவே அடிப்பதுதான். ஒரு றாத்தல் பட்டர், ஒரு றாத்தல் சீனி, பத்து முட்டை, ரவை. மரக்கரண்டியால் ஒரே பக்கமாகச் சுற்றி அடிக்கவேண்டும். கை மாறினாலும் பக்கம் மாறக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்பா, அக்கா, நான், பக்கத்து வீட்டு மாமி என்று முறை வைத்து அடித்து முடிய, பட்டர் பூசிய கடதாசி விரித்த தட்டில் ஊற்றி என் தலையில் வைத்துவிடுவார்கள். நெளியாமல், ஓடாமல், யாரோடும் கதைக்காமல் ஒழுங்கையால் பேக்கரிவரை நடக்கவேண்டும்.

அப்பு ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் கரித்துண்டால் ஓர் அடையாளம் போடுவார். எழுத்து அவருக்கு வராது. எங்கள் வீட்டுக்குப் புள்ளடி. போஸ்ற்மாஸ்ரர் வீட்டுக்கு வட்டம். சங்கக் கடை மனேச்சர் வீட்டுக்கு மூன்று கோடு. ஒரு வருடம் தட்டை எடுத்துவரப் போன நான், கரி அழிந்துபோயிருந்த ஒரு தட்டை எங்களுடையது என்று தூக்கிவந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் சுற்றியிருக்க, அம்மா வெட்டி எங்களுக்கெல்லாம் தந்துவிட்டு, தானும் ஒரு துண்டை வாயில் போட்டா. மென்றா. நிறுத்தினா.

“இது எங்கட கேக் இல்லை. நான் இவ்வளவு கஜு போடேல்லை.”

போஸ்ற்மாஸ்ரர் வீட்டுக் கேக். பிளம்ஸ் வேறு கிடந்தது. அதற்குள் கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சத்தை மூடி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். படலையைத் திறந்தால், போஸ்ற்மாஸ்ரரின் மனைவி எங்கள் தட்டோடு எதிரே வருகிறா. அவர்களும் சரியாகக் கால்வாசி தின்றிருந்தார்கள். இரண்டு பேரும் தட்டுகளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், படலையடியில் நின்று வயிறு நோகச் சிரித்தார்கள். “உங்கட ரவை நல்லா ஊறியிருக்கு” என்று அவ சொன்னதை அம்மா சாகும்வரை மறக்கவில்லை. ‘கேக் எப்படி?’ என்று யார் கேட்டாலும் அந்தச் சான்றிதழ் வெளியே வரும்.

1980களின் கடைசியில் நானும் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். ரொறொன்ரோ வந்த புதிதில், எங்களுடைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் செய்ததைத்தான் செய்தேன்: உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு பீட்சாக் கடையில் வேலை. அங்கே காஸ் அடுப்பு. ஒரு பக்கத்தால் பச்சை மாவை வைத்தால் இரும்பு வலை அதைத் தானே இழுத்துக்கொண்டு போய் மற்றப் பக்கத்தால் வெந்ததாகத் தள்ளிவிடும். ஒன்பது வருடம் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றேன். ஒருநாளாவது அது எனக்கு ஊரை ஞாபகப்படுத்தியதில்லை.

வீட்டில் ஒரு செங்கல் அடுப்புக் கட்டவேண்டும் என்ற எண்ணம் வேலையில் இருந்து ஓய்வு எடுத்த பிறகு வந்தது. பேரப்பிள்ளைகளுக்குப் பீட்சா என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். ஒரு வசந்தகாலக் காலை, பின்வளவில் ஆணியும் நூலும் அடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்தார். இத்தாலியின் கலாப்ரியாப் பக்கத்தவர். 1950களில் பொடியனாகக் கப்பல் ஏறி ஹலிஃபக்ஸில் வந்து இறங்கி, வாழ்நாள் முழுக்க இந்த நகரத்துக்குக் கல் வைத்தவர். ஆவணியில் தன் கராஜுக்குள் தக்காளி அவிப்பார். இலையுதிர்காலத்தில் தன் அத்தி மரத்தை வளைத்து, குழி வெட்டி, அப்படியே மண்ணுக்குள் புதைத்துவிட்டு வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார். கறிவேப்பிலைச் சாடியைக் குளிருக்குப் பயந்து வரவேற்பறைக்குள் தூக்கிவைக்கிற எங்களைப் பார்த்து அவர் சிரித்ததே இல்லை.

என்ன கட்டுகிறாய் என்று கேட்டார். செங்கல்லில் பீட்சா அடுப்பு என்றேன்.

“ஆ! ஃபோர்னோ!”

கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். “நாங்கள் போறணை என்று சொல்லுவம்” என்றேன். “அதுதான், ஃபோர்னோ” என்றார். “போறணை” என்றேன் மறுபடியும். அவர் காது கேட்காதவன் ஒருவனுக்குச் சொல்வதுபோல் மெதுவாக, “ஃபோர்-னோ” என்றார். இரண்டு கிழடுகளும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒரே சொல்லைச் சொல்லிச் சண்டை பிடித்ததை என் மனைவி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

குசினி என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அதுவும் போறணையோடு சேர்ந்து வந்த சொல்தான். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை 1619இல் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். அந்த 39 வருடத்தில் நல்லூர்க் கோயில் முதல் எத்தனையோ கோயில்களை இடித்தார்கள். போகும்போது கதிரை, அலுமாரி, சப்பாத்து, குசினி, பாண் எல்லாவற்றையும் எங்கள் வாயில் விட்டுப்போனார்கள். அவர்களுடைய ‘ஃபோர்னு’தான் எங்கள் போறணை. இத்தாலிக்காரருக்கும் அதே லத்தீன் வேர். எண்பது வயதுக் கலாப்ரியாக் கிழவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தது. அன்று பின்னேரமே அவர் தன் நீர்மட்டத்தையும் மேசன் கரண்டியையும் தூக்கிக்கொண்டு என் வளவுக்கு வந்துவிட்டார். வந்தவர் நான் அடித்த ஆணி நாலையும் பிடுங்கி எறிந்தார். சதுரம் சரியில்லையாம்.

கட்டி முடிக்க ஒரு கோடை முழுவதும் போனது. இந்த ஊரில் குளிருக்கு நிலம் உறைந்து பொங்கும். அதனால் நாலு மூலையிலும் 4 அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கொங்கிறீட் ஊற்றி, அதன்மேல் தட்டு. தட்டின் மேல் கல் மேடை. மேடைக்கும் அடுப்பின் தரைக்கும் நடுவில் பேர்லைட் கலந்த பாரமில்லாத சீமெந்துப் படை ஒன்று. பொரி அரிசி போல் இருக்கும் அந்தச் சாமானை மூட்டையாகக் கண்டதும், இதை எதற்கு வாங்கினீர்கள் என்று மனைவி கேட்டாள். சூடு கீழே இறங்கி ஓடாமல் இருக்க என்றேன். அப்புவின் போறணையில் இதெல்லாம் இல்லை. அங்கே கூரையின் மேல் ஒரு பாகத்துக்கு மணலைக் கொட்டி மூடியிருந்தார்கள். மழைக்காலத்தில் ஊர்ப் பூனைகள் எல்லாம் அந்த மணலில்தான் படுத்திருக்கும்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து நிலம் முழுக்கச் சுண்ணக்கல். கிணறு வெட்டினாலும் அதுதான், வீடு கட்டினாலும் அதுதான். நெருப்புக்கு மட்டும் அது உதவாது. வெடிக்கும், கடும் சூட்டில் சுண்ணாம்பாகிப் போகும். அதைச் சூளையில் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுக்கிறார்கள். அதனால் போறணைக்குச் செங்கல் வன்னிப் பக்கத்தில் இருந்து லொறியில் வந்தது என்று அப்பு பெருமையாகச் சொல்வார். இங்கே நான் வாங்கியது நெருப்புக்கென்றே சுட்ட கல், மஞ்சள் பாரித்த நிறம். 9 அங்குல நீளம், 4½ அகலம், 2½ தடிப்பு. முதல் மூட்டையைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தபோது அதன் பாரம் நெஞ்சில் ஏதோ செய்தது.

2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும் ஊருக்குப் போயிருந்தேன். சந்தியில் ‘வெதுப்பகம்’ என்று அழகான தமிழில் ஒரு பெயர்ப்பலகை. உள்ளே நின்ற பொடியன் “பேக்கரி பின்னேரம்தான் திறக்கும் அண்ணை” என்றான். பலகை மாறினாலும் வாய் மாறவில்லை. பழைய பேக்கரி எங்கே என்று கேட்டதற்கு ஒழுங்கைப் பக்கம் கையைக் காட்டினான். தகரக் கொட்டில் இல்லை. போறணையின் முன்சுவர் நின்றது, இரும்புக் கதவை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். உட்கூரை இறங்கி, இடிந்த கல்லுக்குள்ளால் ஓர் ஆலங்கன்று கிளம்பியிருந்தது. ஒரு கல்லைக் கனடாவுக்குக் கொண்டுபோகலாம் என்று குனிந்து இழுத்தேன். முழுசாக வந்தது. கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. எத்தனையோ வருட நெருப்பைத் தாங்கிய கல், கூரை இல்லாமல் பத்து மாரி மழையைத் தாங்கவில்லை. சேட்டில் சிவப்புத் தூள். அதைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இனி அடுப்பு. தரைக் கல்லைச் சாந்து வைக்காமல், மெல்லிய மணல் படைக்கு மேல் நெளிவரிசையில் அடுக்கினோம். நேர்வரிசையில் வைத்தால் ஏதோ ஒரு கல்லின் விளிம்பு பலகையைத் தட்டும், நெளிவரிசையில் பலகை வழுக்கிக்கொண்டு போகும். குவிமாடத்துக்குக் கிழவர் ஒரு தந்திரம் காட்டினார். தரையின் நடு மையத்தில் ஓர் இரும்புக் கம்பியை எப்பக்கமும் சுழலுமாறு பூட்டி, அதன் நுனியில் ஒரு பிடி. 20 அங்குலக் கம்பி. ஒவ்வொரு அரைக் கல்லையும் அந்தப் பிடியில் வைத்துச் சாந்து பூசி உட்காரவைத்தால், எந்த வரியில் வைத்தாலும் மையத்தில் இருந்து 20 அங்குலம்தான். அச்சு ஒன்றும் தேவையில்லை. வரி ஒன்று பூர்த்தியானதும் அது தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். பூர்த்தியாகும்வரைதான் பயம். கிழவர் ஒரு கையால் கல்லைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் சிகரெட் பிடிப்பார். நான் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு முருகா முருகா என்பேன்.

வாசலின் உயரத்தில் எங்களுக்குள் தகராறு வந்தது. பெரிய பானை உள்ளே போகவேண்டும் என்று நான் 15 அங்குலம் கேட்டேன். அவர் 12½க்கு மேல் ஒரு நூல்கூட விடமாட்டேன் என்றார். உட்கூரையின் உயரத்தில் ஏறக்குறைய 63 வீதம்தான் வாசல் இருக்கவேண்டும். கூடினால் சூடு வெளியே கொட்டும், குறைந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும். குளிர்காற்று வாசலின் கீழ்ப் பாதியால் உள்ளே போகிறது, புகை மேல் பாதியால் வெளியே வருகிறது, இரண்டும் ஒரே வாசலால். வீதக் கணக்கெல்லாம் கிழவர் அறியார். முழங்கையைத் தரையில் ஊன்றி, மணிக்கட்டுவரை காட்டினார். அளந்து பார்த்தேன். ஒரு நூல் பிசகில்லை.

கடைசிக் கல்லைச் செதுக்கி உச்சியில் இறக்கிய அன்று அவர் தன் வைனில் கொஞ்சத்தை அதன்மேல் ஊற்றினார். மனைவி தேங்காய் உடைத்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் மடத்தனம் செய்தேன். புதிதாகக் கட்டிய அடுப்பில் உடனே நெருப்பு வைக்கக்கூடாது. கல்லிலும் சாந்திலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருக்கும். போக வழி இல்லாவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு போகும். ஒரு கிழமைக்கு நாளொரு சின்ன நெருப்பு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட, என்பது முறை. “பியானோ, பியானோ” என்று கிழவர் படித்துப் படித்துச் சொன்னார். இத்தாலியில் அதற்கு மெதுவாக, மெதுவாக என்று பொருளாம். என் பேரன் பல நாளாக அடுப்புக்குள் ஏதோ பியானோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கிழவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். என் மகளும் மருமகனும் பிள்ளைகளும் அன்றைக்கு வந்திருந்தார்கள். பேத்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, “அம்மப்பா, உங்கட அடுப்பு சும்மா வடிவுக்கா?” என்று கேட்டாள். ரோஷம் வந்துவிட்டது. நாலு மேப்பிள் கட்டையைத் தூக்கி உள்ளே போட்டேன்.

அரைமணித்தியாலத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, விரல் சொடுக்கினாற்போல. வாசல் வளைவில் தொடங்கி உச்சிவரை ஒரு வெடிப்பு, கைரேகை மாதிரி நெளிந்து போயிருந்தது. அதன் வாயில் ஆவி பூனை மூச்சுப்போல் வந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் எனக்கு நித்திரை இல்லை. மறுநாள் கிழவர் வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். பொக்கை வாயால் சிரித்தார். ஊரில் தன் தகப்பனுடைய அடுப்பில் இப்படி மூன்று வெடிப்பு இருந்ததாம். மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்களாம். வெடிப்பைச் சாந்தால் அடைத்துவிட்டு, மேலே தீ பிடிக்காத பஞ்சுக் கம்பளியைச் சுற்றிப் பூசிவிட்டோம். என் ஒற்றை வெடிப்புக்கு மனைவி பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

முதல் பீட்சா உள்ளே போனபோது தரைக் கல் 400 பாகை செல்சியஸ் தாண்டியிருந்தது. உட்கூரை வெளுத்திருந்தது. அப்புவின் சொல் என் வாயில் வந்துவிட்டது, யாருக்கும் விளங்கவில்லை. நாப்பொலியில் 1984இல் தொடங்கிய ஒரு பீட்சாச் சங்கம் இருக்கிறது. அவர்களுடைய விதிப்படி 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வரவேண்டும். எனக்கும் அவ்வளவுதான் பிடித்தது, ஆனால் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. நடுவில் ஒரு தரம் திருப்பவேண்டும் என்பதைச் சொல்லித்தராமல் கிழவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதில் மனைவி கத்தரிக்காய்ப் பொரியலும் இறாலும் பச்சை மிளகாயும் போட்டாள். கிழவர் முதலில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார், பிறகு நாலு துண்டு சாப்பிட்டார். பேரன் அன்னாசி கேட்டபோதுதான் எழுந்து போக வெளிக்கிட்டார். அன்னாசி பீட்சாவை உலகத்துக்குத் தந்ததே இந்த ஒன்ராறியோதான், 1962இல் சத்தம் என்ற நகரத்தில் உணவகம் வைத்திருந்த சாம் பனோபொலஸ் என்ற கிரேக்கர்தான் அதைத் தொடங்கினார் என்று மருமகன் எடுத்துச் சொன்னான். “கிரேக்கன்!” என்றார் கிழவர். அந்த ஒரு சொல்லில் வழக்கு முடிந்தது.

பத்து மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். பத்துப் பீட்சா, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். ஒரு கோடை முழுக்கக் கட்டியது கால்மணித்தியாலத்துக்கா என்று மனைவி கோப்பை கழுவிக்கொண்டே கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுப்பின் வாயில் மரக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

விடிய எழும்பிப் போய்க் கதவை எடுத்தேன். உள்ளே ஒரு தணல் இல்லை, சாம்பல்தான். கையை நீட்டினேன். இழுத்துக்கொண்டேன். கருவியைப் பிடித்துப் பார்த்தால் 230 பாகை. ஓடிப்போய் ஒரு சிட்டிகை மா எடுத்துவந்து தரையில் வீசினேன். எண்ணினேன். பொன்னிறம்.

அன்று தொடங்கிய பித்து. இப்போது சனிக்கிழமை இரவு பீட்சா, ஞாயிற்றுக்கிழமை விடிய றோஸ் பாண். முதல் மூன்று கிழமையும் வந்ததை அணிலுக்குப் போட்டோம். அணில்களும் யோசித்துத்தான் எடுத்தன. தோல் தடித்துவிடும், மேலே எழும்பாது. நாலாவது கிழமைதான் அந்த ஈரச் சாக்கின் சூட்சுமம் பிடிபட்டது. துடைத்த கையோடு, ஆவி வெளியேறமுன் பாணைப் போட்டுக் கதவை அடைக்கவேண்டும். அந்த ஆவிதான் பாணின் தோலைக் கொஞ்ச நேரம் இளக்கிவைத்து எழும்பவிடுகிறது. அப்பு தரையைத் துப்புரவாக்கத் துடைக்கிறார் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாண் எடுத்தாலும் கல் ஆறுவதில்லை. மத்தியானம் 170, 160 என்று நிற்கும். அதில் மனைவி ஆட்டிறைச்சியைச் சட்டியோடு வைத்துவிட்டுப் பின்னேரம் எடுப்பாள். கிழவர் கத்தரிக்காயும் குடைமிளகாயும் ஒரு தட்டில் கொண்டுவந்து, கேட்காமலே உள்ளே தள்ளிவிட்டுப் போவார். கடைசியில் அடுத்த கிழமைக்குரிய விறகை அதற்குள்ளேயே காயவைத்துவிடுவேன். அப்புவும் அப்படித்தான் செய்வார்.

போன மார்கழியில், வெளியே பனி முழங்காலளவு கிடந்த ஒரு சனிக்கிழமை, மூன்று வீடு தள்ளியிருக்கிற எங்கள் ஊர் அக்கா ஒருவர் தொலைபேசி எடுத்தா. அவவின் குசினியில் இரண்டு தட்டு வைக்கக்கூடிய மின்சார அடுப்பு இருக்கிறது, நல்ல விலை கொடுத்து வாங்கியது.

“தம்பி, நாளைக்குப் போறணை சூடா இருக்குமோ? ஒரு கேக் அடிச்சுக் கொண்டு வரட்டோ?”

மறுநாள் பதினொரு மணிக்கு அவ தட்டோடு வந்தா, பனியில் வழுக்காமல், நெளியாமல், யாரோடும் கதைக்காமல். பின்னால் அவவின் மச்சாளும் ஒரு தட்டோடு. அதற்குள் கிழவரின் மனைவி வேலிக்கு மேலால் ஏதோ நத்தார்ப் பலகாரத் தட்டை நீட்டினா. எங்களுடையதும் சேர்த்து நாலு. அடுப்பின் ஓரத்தில் இருந்து ஒரு கரித்துண்டைப் பொறுக்கி, எங்கள் தட்டில் புள்ளடி போட்டேன். அக்காவுக்கு வட்டம். மச்சாளுக்கு மூன்று கோடு. இத்தாலிக்காரருக்கு என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது யன்னல் திறந்தது.

“இஞ்சேருங்கோ, கரி அழியும். பேப்பரில எழுதி ஒட்டுங்கோ. பிறகு மாறித் தூக்கிக் குடுத்திடாதேங்கோ.”

நான் ஒரு முக்கோணம் போட்டேன்.